வாய் மட்டும் பாக்கி

படம் முடியற வரைக்கும் ஆடக்கூடாது, பேசக்கூடாதுன்னு கிரி சார் சொல்லிட்டாரு. ஆடாம உக்கார்றது எனக்குப் பழகின வேலை, ஒரு காலத்துல அதுக்குத்தானே கூலி வாங்கினேன், ஆனா பேசாம இருன்னா எப்பிடி இருக்கிறது. என் வீட்டுக்காரரு ஏகாம்பரம் சொல்லுவாரு, உன் வாயக் கட்டிப்போட்டா நீ காது வழியா பேசுவடின்னு. அதான் இப்ப உள்ளுக்குள்ளயே பேசிக்கினு உக்காந்திருக்கேன். மூக்கு மேல ஒரு ஈ வந்து உக்காருது, போவுது, திரும்ப அதே எடத்துல வந்து உக்காருது, அதுக்கும் என் மூக்குல என்ன வேலையோ. ஜன்னல் வழியா கடல் காத்து உப்பா வருது, டர்பன்டைன் வாசனையோட கலந்து தொண்டையில போய் நிக்குது. செவுரு பூரா கிரி சார் போட்ட படம், காவியில ஒண்ணு, கருநீலத்துல ஒண்ணு, ஒண்ணுல வெறும் வெள்ளை, அதுக்கு மேல இன்னொரு வெள்ளை. வெளி வராண்டாவுல பேத்தி நிவேதா வயித்தத் தள்ளிக்கினு பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து போன நோண்டிக்கினு இருக்கா, ஏழாம் மாசம், கால் வீங்குதுன்னு இன்னொரு சேர் மேல கால நீட்டி வெச்சிருக்கா. கிரி சார் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நிக்கறாரு, எனக்கு அவரு நெத்தியும் கண்ணும், பக்கவாட்டுல நீட்டின கையும்தான் தெரியுது. எம்பதத் தாண்டிட்டாரு, கை நடுங்குது. அந்த நடுக்கம் அடங்கற வரைக்கும் கரிக்கட்டிய அந்தரத்துல புடிச்சிக்கினு காத்திருக்காரு, அடங்கினதும் ஒரு கோடு இழுக்கறாரு, திரும்ப நடுக்கம், திரும்ப காத்திருக்கறது. பஸ் ஸ்டாப்புல நிக்கற மாதிரி.

அந்தக் காலத்துல இவரு கரி புடிச்சா கோழி கிண்டற மாதிரி சரசரன்னு சத்தம் கேக்கும். பெரியமேட்டுல ஆர்ட்ஸ் ஸ்கூல்ல ஏகாம்பரம் பானை செய்யற பிரிவுல களிமண்ணு பெசையற வேலை. நான் மத்தியானம் சோறு எடுத்துக்கினு போவேன். ஒரு நாள் தூங்குமூஞ்சி மரத்தடியில அவரு வேலைய முடிச்சிட்டு சாப்பிட வரட்டும்னு தூக்கை மடியில வெச்சிக்கினு உக்காந்திருந்தேன், படம் சொல்லிக் குடுக்கற மாஸ்டர் அந்தப் பக்கமா போனவரு நின்னு பார்த்துட்டு, களிமண்ணு கையோட இருந்த இவர்கிட்ட, உன் சம்சாரம் எங்க பசங்களுக்கு உக்காருவாங்களான்னு கேட்டுட்டாரு. புடவையோடதான், வேற ஒண்ணுமில்லன்னு தலைமேல கை வெச்சு சத்தியம் பண்ணாரு. என் வீட்டுக்காரருக்கு இஷ்டமில்ல, ஆனா மாஸ்டர்கிட்ட மாட்டேன்னு சொல்ற தைரியமும் இல்ல. மறுநாள்லேர்ந்து நான் ஒரு மரப்பெட்டி மேல உக்காந்தேன், என்னைச் சுத்தி இருபது பசங்க. கால் எங்க வெச்சிருக்கேனோ அங்க சாக்பீஸால கோடு போட்டுருவாங்க, ஒண்ணுக்குப் போயிட்டு வந்தாக்கூட அதே கோட்டுக்குள்ள கால வெக்கணும், இல்லன்னா அத்தனை பேரு படமும் கெட்டுப்போயிடும். ஏகாம்பரம் என்ன பண்ணுவாரு, களிமண்ணுக் கூடைய எடுத்துக்கினு அந்த வாசல் வழியாவே போவாரு, வருவாரு. களிமண்ணுக் குழி இருக்கிறது அந்தப் பக்கம், இவரு போறது இந்தப் பக்கம். மாஸ்டர் ஒரு நாள், ஏகாம்பரம், பானைய வகுப்புக்குள்ளயே வந்து செஞ்சிடேன்பான்னு சொன்னதுக்கு பசங்க எல்லாம் சிரிச்சி அன்னிக்கு ஒருத்தனும் ஒழுங்கா வரையல. என் மாமியா கிழவி இருக்காளே, அவ வேற. படம் எழுதினா ஆயுசு கொறையும்னு மொதல்ல ஒரு பாட்டம் அழுதா. அப்பால சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை இருபது ஆம்பளப் பசங்க கண்ணுன்னு சொல்லி மொளகா, உப்பு, தெருமண்ணு எல்லாம் சுத்தி அடுப்புல போடுவா. கமறவே கமறாது. பார்த்தியா, எவ்ளோ திருஷ்டின்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லுவா. அந்த மொளகா நமுத்துப்போன மொளகா, செட்டியார் கடையில தள்ளிவிட்டது, எனக்குத் தெரியும், நான் சொல்லல.

பசங்களும் பாவந்தான். கரியில வரைஞ்சத அழிக்கறதுக்கு ரொட்டி குடுப்பாங்க, ரொட்டியப் பிச்சி உருட்டித் தேய்ச்சா கரி போயிடும். இந்த கிரி சார் விருத்தாசலம் பக்கத்துலேர்ந்து வந்த பையன், எலும்பா இருப்பாரு, விருத்தகிரின்னு பேரு. காலையில ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டாரு போல, குடுத்த ரொட்டிய அழிக்கறதுக்கு முன்னாடியே தின்னுடுவாரு. அதனால தப்பா போட்ட கோட்ட அழிக்க முடியாது, அதும்மேலயே இன்னொரு கோடு, அதும்மேல இன்னொண்ணு, கடைசியில என் தலை காக்கா கூடு மாதிரி இருக்கும். மத்தவங்க படத்துல நான் நானா இருந்தேன், மொத வருஷம். அப்பால மாஸ்டர் வெளிநாட்டுப் பொஸ்தகம் நாலு கொண்டாந்து காட்டினாரு, அதோட எல்லாருக்கும் ஒரு ஜொரம் வந்துச்சு. ஒருத்தன் என்னை பச்சையா போட்டான், நான் அழுதுட்டேன், நான் கறுப்புதான், அதுக்குன்னு பச்சையாவா இருக்கேன். ஒருத்தன் தகர டப்பாவ நசுக்கின மாதிரி மூணு மூலையா போட்டான். இன்னொருத்தன் மூக்க முன்னாடிலேர்ந்தும் கண்ண பக்கத்துலேர்ந்தும் எடுத்து ஒண்ணா ஒட்டிட்டான், ஏம்ப்பான்னு கேட்டா, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல தெரியணும் அக்கா, அதுதான் உண்மைன்னான். உண்மையாம். அந்த உண்மைய வீட்டுக்கு எடுத்துக்கினு போயி மாமியாகிட்ட காட்டியிருந்தா மொளகா மூட்டையே பத்தியிருக்காது.

கிரி சார் படத்துல நான் இல்லாமயே போயிட்டேன். மரப்பெட்டி மேல பொழுதுக்கும் உக்காந்து இடுப்பு விட்டுப்போய் எழுந்து பார்த்தா ஒரு பழுப்பு, ஒரு காவி, அவ்ளோதான். நான் எங்க சார்னு கேட்டேன், அப்ப தம்பின்னுதான் கூப்புடுவேன், நான் எங்க தம்பின்னேன். இருக்கீங்க அக்கான்னாரு. இல்லாத நான் எதுக்கு உக்காரணும், நான் வீட்டுக்குப் போறேனேன்னா, நீங்க எழுந்தா படம் படுத்துடும், உக்காருங்கன்னு கெஞ்சுவாரு. இப்ப அவரு பெரியவரு ஆயிட்டாரு, அக்கா போயி ஜெகதா ஆயிட்டேன், தம்பி போயி சார் ஆயிட்டாரு, வயசு என்னமோ எனக்கும் அவருக்கும் ஒண்ணு முன்ன பின்னதான். அந்தப் படத்த ஏகாம்பரம் பார்த்தாரு ஒரு நாள். கையக் கட்டிக்கினு ரொம்ப நேரம் பார்த்தாரு. தள்ளி நின்னு பார்த்தாரு, குனிஞ்சி பார்த்தாரு. இதுக்காடி பொழுதுக்கும் உக்கார்றன்னு கேக்கப் போறாருன்னு நெனைச்சேன். அவரு என்னா சொன்னாரு தெரியுமா, தம்பி, இந்த மாடர்ன் ஆர்ட்டு ரொம்ப மரியாதையானதுப்பா, எவன் பார்த்தாலும் இது ஏகாம்பரம் பொண்டாட்டின்னு சொல்ல முடியாது. அன்னிலேர்ந்து கூடைய எடுத்துக்கினு வாசல் பக்கம் வர்றத நிறுத்திட்டாரு. கிரி சாருக்கு மட்டும் ஒக்கார்றதுன்னா எத்தினி நாள் வேணும்னாலும் ஒக்காருன்னு உத்தரவு. மத்தவங்களுக்குன்னா மொறைப்பாரு. அப்பிடி ஒரு மனுஷன். மண்ணுல கை வெச்சா குழந்தைய தடவற மாதிரி தடவுவாரு, என் கன்னத்த மட்டும் தொட வெக்கப்படுவாரு, கை சொரசொரன்னு இருக்குதுன்னு. அவரு போயி வருஷமாவுது, இன்னும் ராத்திரியில ஈர மண்ணு வாசனை வந்தா அவருன்னுதான் நெனைக்கறேன், எழுந்து பார்த்தா பக்கத்து வீட்டுல செடிக்குத் தண்ணி விட்டிருப்பாங்க.

கன்னம்னு நெனைச்சதும் கை போகப் பார்க்குது, போகக்கூடாது, ஆடக்கூடாது. வலது காதுக்குக் கீழ அந்தக் கட்டி. மொதல்ல கடலை மாதிரி இருந்துச்சு, நான் கொசு கடிச்சதுன்னு சுண்ணாம்பு வெச்சேன். இப்ப நெல்லிக்கா. டாக்டரு சின்ன வயசுக்காரரு, ஒரு தாள்ல மூஞ்சி மாதிரி ஒண்ணு வரைஞ்சி காட்டினாரு, ஆர்ட்ஸ் ஸ்கூல்ல அப்பிடி வரைஞ்சிருந்தா மாஸ்டர் வெளிய அனுப்பியிருப்பாரு. கட்டிக்கு உள்ளாற நரம்பு ஓடுதாம், கட்டிய எடுக்கும்போது நரம்புல பட்டா வலது பக்கம் வாய் எறங்கிடலாமாம், உத்தரவாதம் சொல்ல முடியாதாம். எடுக்காம விட்டா அது வேற மாதிரி ஆயிடலாமாம். வர்ற திங்கக்கெழமை. என் பொண்ணு, நிவேதாவோட அம்மா, இந்த வயசுல அழகாம்மா முக்கியம், உசுரு முக்கியம்னுட்டா. அவ சொல்றது சரிதான். ஆனா எதிர் வீட்டு சரோஜாவுக்கு வாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, பாவம் நல்ல பொம்பள, தெருக்குழந்தைங்க எல்லாம் அவ மடியில வளந்ததுங்க, இப்ப புதுசா பொறந்தது எதுவும் அவகிட்ட போக மாட்டேங்குது, கைய நீட்டினா வீல்னு கத்துது. அவ சிரிக்கறா, அது குழந்தைக்குச் சிரிப்பா தெரியல. அதப் பார்த்ததுலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல. நிவேதா வயித்துல இருக்கிறது இன்னும் ரெண்டு மாசத்துல வந்துடும். வந்து என்னைப் பார்க்கும், பார்க்கறப்பவே கோணல் வாயத்தான் பார்க்கும், அதுக்கு முன்னாடி இருந்தது அதுக்குத் தெரியவே தெரியாது. போன்ல போட்டோ எடுத்து வெச்சிருக்கேன் ஆயான்னு நிவேதா காட்டுறா, நூறு போட்டோ. அதுல இருக்கிறது யாரோ, என்னமோ வெச்சி அழுத்தின மாதிரி, எனக்கு என் மூஞ்சி கண்ணாடியில தெரியற மாதிரி அதுல தெரியல. அப்பத்தான் யோசிச்சேன், என்னை இவ்ளோ நேரம் பார்த்தவங்க ஒலகத்துல யாரு. ஏகாம்பரம் பார்த்தாரு, அவரு போயிட்டாரு. பொழுதுக்கும் உக்கார வெச்சி மாசக்கணக்குல பார்த்த இன்னொருத்தரு இந்த சமுத்திரக் கரையில இன்னும் இருக்காரு.

போன வாரம் வந்து கேட்டேன். ஆப்ரேஷன் கதையெல்லாம் சொல்லல, சொன்னா பாவம் பார்த்து அழகா போட்டுருவாரு. சார், என் மூஞ்சி வேணும், கலர் வேணாம், கட்டம் வேணாம், நாளைக்கு ஒரு கொழந்தை பார்த்துட்டு இது எங்க கொள்ளுப்பாட்டின்னு சொல்ற மாதிரி ஒரு மூஞ்சின்னேன். அவரு சிரிப்பாருன்னு நெனைச்சேன், சிரிக்கல. ஒரு கைய இன்னொரு கையால புடிச்சிக்கினு, ஜெகதா, நான் மூஞ்சிய விட்டு அறுவது வருஷம் ஆச்சே, வழி மறந்து போயிருக்கும்னாரு. மறந்தா கேட்டுக்கினு போங்க, நான்தான் எதிர்ல இருப்பேனேன்னேன். சரி, வெள்ளிக்கெழமை வான்னாரு. அதான் வந்து உக்காந்திருக்கேன். ஆனா பயம் விடல. இந்த மனுஷன் பாதியில பழையபடி பழுப்பும் காவியுமா போயிட்டா. அடுத்த வெள்ளிக்கெழமைக்கு வேற மூஞ்சிதானே வரும். அதனால காத வெச்சிக்கினு இருக்கேன். கரி சத்தத்த வெச்சே எது வருதுன்னு எனக்குத் தெரியும், எத்தினி மணி நேரம் கேட்டது. நீளமா சர்ருன்னு எறங்கினா கழுத்து, தோளு. துண்டு துண்டா கீச்சினா தலைமுடி, அது இப்ப கொஞ்சந்தான், சீக்கிரம் முடிஞ்சிட்டுது. வட்டமா மெதுவா போனது கண்ணு, அப்போ அவரு மூச்சப் புடிச்சிக்கினு இருந்தாரு, எனக்குக் கேட்டுச்சு. மூக்கு வந்துட்டுது. மூக்குத்தியக் கூட டக்குன்னு வெச்சாரு. அப்பாடா, இந்த தடவை மூஞ்சிதான். அப்பால சத்தமே இல்ல. நடுக்கம் அடங்கியும் கை எறங்கல. என்னைப் பார்க்கறாரு, அட்டையப் பார்க்கறாரு, என்னைப் பார்க்கறாரு. "வாய் மட்டும் பாக்கி"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கறாரு. எனக்கு ஒதடு காஞ்சி போவுது. நாக்கால தடவலாமா, தடவக்கூடாது. பயத்துல வாய் நடுங்குதோ, நடுங்கறதையும் போட்டுருவாரோ. நெனைச்சிக்கினு இருக்கும்போதே கோடு வருது, துணியால அழிக்கறாரு, வருது, அழிக்கறாரு. வாய எடுத்துக்கோ சார், நல்லா பார்த்து எடுத்துக்கோ, திங்கக்கெழமைக்கு அப்பால இது இருக்காது. நான் உள்ளுக்குள்ள கத்தறது அவருக்குக் கேட்டுச்சோ என்னமோ, கடைசியா ஒரே ஒரு கோடு. நீளமில்ல, குட்டைக் கோடு. கரியக் கீழ வெச்சிட்டாரு.

எழுந்து வா ஜெகதான்னாரு. ஸ்டாண்டப் புடிச்சிக்கினு சுத்திப் போனேன். நான்தான். கண்ணாடி வேற வேணாம், நெத்தியில இருக்கிற அந்த அம்மைத் தழும்பு கூட இருக்கு, கண்ணுக்குக் கீழ தொங்கற சதை, எல்லாம் நான். எறங்கி வாய்க்கு வந்தேன். வலது ஓரம் கீழ எறங்கி இருக்கு. கொஞ்சந்தான், ஆனா எறங்கி இருக்கு.  கண்ணாடியில பார்க்கற மாதிரி அந்தப் பக்கம் என் வலது பக்கம்தானே, கட்டி இருக்கிற அதே பக்கம். நிவேதா சொல்லிட்டாளா, போன்ல முன்னாடியே பேசிட்டாளா, இல்ல இந்த மனுஷனுக்கு நடக்கப் போறது தெரியுதா. யாரு சொன்னாங்க சார்னேன். எதன்னாரு. வாய் எறங்கப் போவுதுன்னு யாரு சொன்னாங்கன்னேன். அவரு முழிச்சாரு. அதுக்கு மேல அடக்க முடியல, கட்டி, நரம்பு, திங்கக்கெழமை, சரோஜா, வீல்னு கத்தற குழந்தை எல்லாத்தையும் கொட்டிட்டேன். அவரு கேட்டு முடிச்சிட்டு என் தோளப் புடிச்சி படத்துக்கு நேரா நிறுத்தினாரு. "இது கண்ணாடி இல்ல ஜெகதா, இது உன் எதிர்ல உக்காந்திருக்கிற இன்னொரு ஜெகதா. அவளுக்கு இடது பக்கம் இது. உனக்கு இடது பக்கம் எப்பவுமே எறங்கித்தான் இருக்கும், பொறந்ததுலேர்ந்து."

நான் நம்பல. எழுவது வருஷமா கண்ணாடி பார்க்கறேன், எனக்குத் தெரியாத கோணலா. நிவேதாவக் கூப்பிட்டேன், அவ இடுப்புல கை வெச்சிக்கினு மெதுவா வந்தா. என் வாய் கோணலாடின்னு கேட்டேன். "ஆமா ஆயா, இடது பக்கம். அம்மாவுக்குக் கூட லேசா இருக்கே. உனக்கு இப்பத்தான் தெரியுமா?"ன்னா, மழை பெய்யுதான்னு கேட்டா சொல்ற மாதிரி. வீடே தெரிஞ்சி வெச்சிருக்கு. போட்டோவுல யாரோ மாதிரி இருந்தது அதான் போல. அந்த ஏகாம்பரம், அவருக்கும் தெரிஞ்சிதானே இருக்கும், ஒரு நாளும் சொல்லலையே, போயும் போயும் மரியாதையான ஆர்ட்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரே. கிரி சாரு ஸ்டூல இழுத்து உக்காந்துக்கினு சொன்னாரு, அந்த வகுப்புல உன் வாய்தான் எங்க எல்லாருக்கும் பரீட்சை, நேரா போட்டவன் எல்லாம் பெயிலு. அந்த வாய் எனக்கு வரவே இல்ல ஜெகதா. கண்ண சரியா போட்டா வாய் தப்பாவும், வாய சரி பண்ணா மூக்கு தப்பாவும். சரி, வாய் வர்ற வரைக்கும் கண்ணு வேணாம்னு எடுத்தேன், மூக்கு வேணாம்னு எடுத்தேன், தாடை போச்சு, தலை போச்சு. கடைசியில எறங்கற ஒரு ஓரம் மட்டும் மிச்சம், அதையும் கலருக்குள்ள முக்கிட்டேன். பேப்பர்ல என் படத்த வெளிநாட்டுப் பாதிப்புன்னு எழுதறாங்க, தத்துவம்னு எழுதறாங்க, நான் இல்லன்னு சொல்லல, சொன்னா யாரு நம்பப் போறாங்க, ஒரு பொம்பளையோட வாய் வராம ஓடினவன்தான் நான்னு. சொல்லிட்டு அவரே படத்தப் பார்த்துக்கினாரு. இன்னிக்குத்தான் வந்துச்சுன்னாரு.

 வந்ததெல்லாம் சரி சார், திங்கக்கெழமை போயிடுமேன்னேன். எந்தப் பக்கம் அறுக்கறாங்கன்னு கேட்டாரு. வலதுன்னு கட்டியத் தொட்டுக் காட்டினேன். அவரு கரிக்கட்டிய எடுத்து அந்தரத்துல புடிச்சிக்கினு என் மூஞ்சிக்கு நேரா அளக்கற மாதிரி பார்த்தாரு, நடுக்கம் அடங்கட்டும்னு காத்திருந்தாரு. "அதாவது, நரம்புல பட்டா வலது பக்கமும் எறங்கிடும்." ஆமா சார்னேன். "அப்ப ரெண்டு பக்கமும் சமம். உனக்கு வாழ்க்கையில மொதல் தடவை நேரான வாய் வரப்போகுது, இதுக்கா சோறு எறங்கல?" நிவேதா வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சா, சிரிக்க வெக்காதீங்க தாத்தா, உள்ள உதைக்குதுன்னா. எனக்கும் வந்துடுச்சு. சிரிச்சா கட்டி இழுக்குது, வலிக்குது, நிறுத்த முடியல, கண்ணுல தண்ணி வந்து மூக்குத்திக்கிட்ட நிக்குது. திங்கக்கெழமை பயம் போயிடுச்சான்னா போகல, அது அங்கியேதான் உக்காந்திருக்கு, ஆனா இப்ப அதுக்கு சரோஜா மூஞ்சி இல்ல. அவரு படத்த ஸ்டாண்டுலேர்ந்து எடுத்து, கரி தேய்ஞ்சிடும் மடிக்காதீங்கன்னு நிவேதாகிட்ட குடுத்தாரு. தையல் பிரிச்சதும் வா ஜெகதா, உக்காரணும்னாரு. நேரான வாயில உங்களுக்கு என்னா இருக்கு சார், நேரா போட்டவன் பெயிலுன்னீங்களேன்னேன். வேட்டியில கைய தொடைச்சிக்கினே, "ரெண்டு கோணல் சேர்ந்து வர்ற நேர் வேற, சும்மா இருக்கிற நேர் வேற. அத நான் இன்னும் போட்டதில்ல"ன்னாரு. வரேன் சார்னேன். அப்பிடிச் சொல்றப்ப இடது ஓரம் மெல்ல எறங்குறது எனக்கே தெரிஞ்சுது.